காடியின் அடிவயிற்றில் ஒரு குழாய்

புதுக் காடி வீட்டுக்கு வந்துவிட்டால் நாம் என்னென்ன செய்கிறோம்! சந்தனம் குங்குமம் இடுகிறோம். நான்கு சக்கரத்திற்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போடுகிறோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுவித் துடைக்கிறோம். எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும், டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று சிறு பையன்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஆனால் வாசகர்களே, காடிக்குப் பின்னால் போய்க் குனிந்து, அதன் அடிவயிற்றில் முன்னிருந்து பின்வரை ஓடும் அந்தத் துருப்பிடித்த குழாயை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

எக்சோஸ் பைப் என்று சொல்கிறோம். கேட்டால், "சத்தம் வராமல் இருக்க வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். அது பாதி விடைதான். வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் சொன்னால் பாதி மதிப்பெண் கொடுப்பேன். இயந்திரத்தில் உண்டாகும் ஒரு கொடிய வாயுவை, காடிக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் காலடியைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பின்னால் விடுவதுதான் அதன் முதல் வேலை. நம் பிள்ளைகள் உட்காரும் பின்னிருக்கைக்கு நேர் கீழே அந்த வாயு போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பவை ஒரு தகரக் குழாயும் காடியின் தரைத் தகடும் மட்டுமே.

அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

பெட்ரோல் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. காற்றுக்கு எடை மிகக் குறைவு என்பதால் இதை அளவாகச் சொன்னால்தான் விளங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க உங்கள் காடி ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. இழுத்த காற்று உள்ளேயே தங்கிவிடுமா? அத்தனையும் எரிந்த வாயுவாக மறுபடி வெளியே வந்தாக வேண்டும்.

முழுமையாக எரிந்தால் கரி, கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஆம், தண்ணீர்தான்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. காலையில் காடியைக் கிளப்பும்போது பைப்பின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிவதைப் பார்த்து, "ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டதோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம், அது பெட்ரோலிலிருந்து பிறந்த தண்ணீர். ஆனால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் தின்பது அந்தத் தண்ணீர்தான்.

இயந்திரத்திற்குள் எரிவதற்குக் கிடைக்கும் நேரமோ ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாக் கரிக்கும் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. அரைகுறையாக எரிந்த கரி, கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவாகிறது. நிறம் கிடையாது. மணம் கிடையாது. தொண்டையைக் கரிக்காது, கண்ணை எரிக்காது. விறகடுப்புப் புகை வந்தால் நாம் இருமிக்கொண்டு வெளியே ஓடிவிடுவோம். இது அப்படி ஓடவிடாது. பைப்பிலிருந்து வரும் நாற்றம் மற்றப் பொருள்களின் நாற்றம். நாற்றமில்லையென்றால் ஆபத்தில்லை என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

இனி அந்தக் குழாயின் வழியே நாமும் போய்ப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் பக்கவாட்டில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக, கைவிரல்களைப் போலச் சில குழாய்கள் பிரிந்து வந்து ஒன்றாகச் சேரும். அதற்கு மெனிஃபோல்ட் என்று பெயர். பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் ஆனது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது இந்த இடத்தில் வாயுவின் சூடு 800 டிகிரியைத் தொடும். மெனிஃபோல்ட் இயந்திரத்தோடு சேரும் இடத்தில் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இருக்கும். அடுத்து முன்குழாய். இயந்திரம் ஆடும், காடியின் உடம்பு ஆடாது. ஆகையால் இரண்டுக்கும் இடையில் பல காடிகளில் கம்பிவலை பின்னிய வளையும் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். நம் பக்கத்துச் சாலைகளில் முதலில் கிழிவது பெரும்பாலும் இதுதான்.

அதற்கடுத்தது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பட்டறைகளில் இதன் பெயரைச் சொல்லித்தான் இன்று பலர் ஏமாற்றப்படுகிறார்கள்.

பார்வைக்கு அது ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அடை. சாதாரணமாக ஒரு சதுர அங்குலத்தில் 400 துவாரங்கள் இருக்கும். அந்தத் துவாரங்களின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை மிக மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். சூடான வாயு அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு இன்னும் கொஞ்சம் பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு கரியமில வாயுவாகிறது. எரியாமல் வந்த பெட்ரோல் அங்கே எரிந்து போகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சு வாயுக்கள் உடைந்து சாதாரண நைட்ரஜனாகின்றன. உலோகங்கள் மட்டும் தாங்கள் செலவாகாமல் இந்த வேலைகளை நடத்தி வைக்கின்றன, கல்யாணத் தரகர் இருவரைச் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதைப் போல.

இதற்கு வழி காட்டியவர் யூஜீன் ஹூட்ரி. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் காற்று காடிப் புகையால் கெட்டுப்போவதைக் கண்டு 1950-களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்று அது காடியில் நிலைக்கவில்லை. காரணம் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். இயந்திரம் தட்டாமல் ஓட ஈயம் கலக்கலாம் என்று அமெரிக்காவில் 1921-இல் கண்டுபிடித்தார்கள். அதே ஈயம் அந்த உலோகப் பூச்சின்மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகுதான், 1975-ஆம் ஆண்டு மாடல்களில், அமெரிக்கக் காடிகளில் கன்வர்ட்டர் பரவலாக இடம்பெற்றது. உலகத்திலேயே கடைசியாகக் காடிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கும் 2021-இல் நின்றுவிட்டது. ஹூட்ரி 1962-லேயே காலமாகிவிட்டார். தம் கண்டுபிடிப்பு வீதிக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

கன்வர்ட்டரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். காலையில் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்கள் அது தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது வெளிவரும் வாயு சுத்தப்படாத வாயு. இன்னொன்று, அது எதைச் சுத்தப்படுத்தினாலும் தன் வழியாகப் போவதைத்தான் சுத்தப்படுத்தும். மெனிஃபோல்ட்டிலோ முன்குழாயிலோ ஓட்டை விழுந்தால், அங்கே கசிவது கன்வர்ட்டரைப் பார்க்காமலே வெளியேறும் வாயு. ஆகையால் குழாயில் முன்பக்கத்து ஓட்டைக்கும் பின்பக்கத்து ஓட்டைக்கும் மிகுந்த வேற்றுமை உண்டு. முன்பக்கத்து ஓட்டையே அதிகப் பொல்லாதது.

கடைசியாக சைலன்சர். நான்கு சிலிண்டர் காடி சும்மா நின்று 800 சுற்றில் உறுமிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடத்தில் 1,600 முறை வாயு வெடித்துக்கொண்டு வெளியே பாய்கிறது. அத்தனை வெடியும் நேராக வெளியே வந்தால் காது என்னவாகும்! சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்து, ஓட்டையிட்ட குழாய்களை வைத்திருக்கிறார்கள். ஒலி அலைகள் அந்த அறைச் சுவர்களில் மோதித் திரும்பி வந்து, எதிரே வரும் அலைகளோடு மோதி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. சிலவற்றில் கண்ணாடி நாரை அடைத்து ஒலியை உறிஞ்ச வைப்பார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். காடி பிறந்த சில ஆண்டுகளிலேயே அதன் வாயை அடைக்க வேண்டியதாயிற்று பாருங்கள்.

இந்த முழு நீளத்தையும் காடியின் அடியில் தாங்கிக்கொண்டிருப்பவை சில ரப்பர் வளையங்கள். நம் முன்னோர்கள் வெட்டிய பாலுக்கு இப்படியும் ஒரு வேலை.

நிற்க. இப்போது உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுவை உடல் முழுதும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். பேருந்தில் இருக்கைகள் இருப்பதைப் போல அதில் பிராணவாயுவுக்கு இடங்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் அந்த இடங்களில் தான் உட்கார்ந்துகொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்காது. நல்ல காற்றை மூச்சிழுத்தாலும் இரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்குவதற்கு நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். இதை முதலில் விளக்கிக் காட்டியவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டு கிளாட் பெர்னார்ட், 1857-இல். பிரிட்டனில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இந்த வாயுவைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டு சோதனை செய்தார். சுரங்கத்திற்குள் சிறு குருவிகளைக் கொண்டுபோகச் சொன்னவரும் அவரே. குருவி நம்மைவிட வேகமாக மூச்சிழுப்பதால் அது முதலில் மயங்கி விழும். தொழிலாளர் உயிர் தப்புவார்கள். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரைகூட அந்தப் பழக்கம் இருந்தது.

சிறு உயிர் முதலில் மயங்கும் என்றால், காடிக்குள் முதலில் மயங்குவது யார்? கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும்தாம். அவர்கள்தாம் நம்மைவிட வேகமாக மூச்சிழுக்கிறவர்கள்.

இதை எழுத என்னைத் தூண்டியதும் பிள்ளைகள்தாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டப் பள்ளிக்குப் பக்கத்து டிவிஷனிலிருந்து ஒரு பழைய பெட்ரோல் வேன் பிள்ளைகளை ஏற்றி வரும். செம்பனைக்கு நடுவே எட்டு கிலோமீட்டர் செம்மண் சாலை. அந்த வேனில் வருகிற பிள்ளைகளில் நாலைந்து பேர் முதல் பாடத்தில் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். "சார், தலை வலிக்குது" என்பார்கள். ஒரு சிறுமி வாந்தியும் எடுப்பாள். பசியாறாமல் வருகிறார்கள் என்று நாங்கள் தாய்மாரை அழைத்துக் கேட்டோம். "இல்லிங்க சார், ரொட்டியும் மைலோவும் குடுத்துத்தான் அனுப்புறேன்" என்று அந்தச் சிறுமியின் தாய் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வேன் ஆடுகிற ஆட்டத்தில் பித்தம் ஏறுகிறது, எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புங்கள் என்றார் ஒருவர். எலுமிச்சம்பழமும் வந்தது. தலைவலி போகவில்லை.

தலை வலிக்கிறவர்கள் எல்லோரும் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் என்பதை ஒரு நாள் வருகைப் பதிவின்போது உடன் ஆசிரியை ஒருவர்தாம் கவனித்தார். முன் வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. மதியத்துக்குள் எல்லோருக்கும் தெளிந்துவிடும். சனி, ஞாயிறுகளில் யாருக்கும் தலைவலி கிடையாது. வேனோட்டியிடம் பேசினோம். நல்ல மனிதர். "சத்தம் கொஞ்சம் கூடித்தான் போச்சு சார், வண்டி பழசுதானே" என்றார். பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது, நடுக்குழாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அதற்கு மேலே தரைத் தகடும் துருவேறிச் சல்லடையாகியிருந்தது. பின்கதவின் ரப்பர் பாதி இல்லை. குழாயை மாற்றி, தகட்டை அடைத்து, கதவுக்குப் புது ரப்பர் போட்டார்கள். அந்த வாரத்தோடு தலைவலி நின்றது. அந்தச் சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

இந்த வாயுவின் தந்திரமே இதுதான். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு என்று எல்லாமே பயணத்தில் யாருக்கும் வருகிற சங்கடம் போலவே இருக்கும். அளவு கூடினால் புத்தி மழுங்கும், கால் துவளும். கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் திறக்க முடியாமல் போய்விடும். தூங்குகிறவர்களுக்கோ தலைவலிகூடத் தெரியாது.

ஓட்டை விழுந்த குழாய் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். தோட்டப் பக்கத்தில் நாம் அடிக்கடி செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். மெத்தையோ சைக்கிளோ மரச்சட்டமோ ஏற்றினால், பின் மூடி மூடாது. கயிற்றால் கட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவோம். காடி ஓடும்போது அதன் முதுகுப் பக்கத்தில் காற்றழுத்தம் குறைகிறது. பைப்பிலிருந்து வரும் வாயு அங்கேயே சுழன்று, திறந்திருக்கும் மூடி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயில் ஓட்டையே இல்லாத புதுக் காடியிலும் இது நடக்கும். வேறு வழியில்லாமல் அப்படிப் போக நேர்ந்தால், முன் கண்ணாடிகளை நன்றாக இறக்கிவிடுங்கள். காற்று முன்னிருந்து பின்னே ஓடட்டும். பின்னிருக்கையில் பிள்ளைகளை வைக்காதீர்கள். பிக்கப் வண்டியின் மூடிய கூண்டுக்குள் ஆட்களை ஏற்றுவதும் இதே கதைதான்.

அடுத்தது வீட்டோடு ஒட்டிய காடிக் கொட்டகை. காலையில் காடியைக் கிளப்பி, "சூடாகட்டும்" என்று விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறவர்கள் உண்டு. கன்வர்ட்டர் தூங்கும் அந்த நிமிடங்களில் புகை சன்னல் வழியே படுக்கையறைக்குள் போகிறது. இன்றைய காடிகளுக்கு அத்தனை நேரம் சூடாக்கத் தேவையுமில்லை. கிளப்பிய அரை நிமிடத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம், ஓட்டத்திலேயே சூடேறும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏர்கோண்டைப் போட்டுக்கொண்டு நின்ற காடியில் தூங்குவது. 2020-ஆம் ஆண்டு பினாங்கு மாநிலத்தில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் நிறுத்திய காடிக்குள் தூங்கிய இளம்பெண்கள் நால்வரில் மூவர் மாண்டுபோனார்கள். கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று அப்போது செய்திகளில் வந்தது. ஓடுகிற காடியில் அடியில் கசிகிற வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கிற காடியில் அது அடியிலேயே தேங்கி, தரையிலுள்ள சந்து பொந்துகளில் ஏறுகிறது. வெளிக்காற்றை உள்ளே விடும்படி ஏர்கோண்டை வைத்தால், அந்தக் காற்று வருவது முன்கண்ணாடியின் அடிவாரத்திலிருந்து. மெனிஃபோல்ட் கசிந்தால் இயந்திர அறைக் காற்று அங்கே பக்கம். உள்காற்றே சுற்றும்படி வைத்தாலோ, உள்ளே ஏறியது வெளியேற வழியில்லை. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைத்தால் போதும் என்று சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள்.

தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ இரவோடு இரவாகப் புறப்படுகிற குடும்பங்களை எண்ணிப் பார்க்கிறேன். வழியில் ஓய்விடத்தில் நிறுத்தி, பிள்ளைகளைப் பின்னால் படுக்கவைத்து, ஏர்கோண்டோடு இரண்டு மணி நேரம் கண்ணயர்வது நம்மிடம் சாதாரணம். தூங்கத்தான் வேண்டுமென்றால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை நன்றாக இறக்கிவிட்டுத் தூங்குங்கள். வியர்க்கும், கொசு கடிக்கும், இருக்கட்டும். கொசுவுக்காகக் காடிக்குள் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைக்காதீர்கள். மூடிய இடத்தில் புகைந்து எரிகிற எதுவும் இதே வாயுவைத்தான் தரும்.

யாராவது மயங்கியிருந்தால் முதலில் இயந்திரத்தை அணைத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 999-க்கு அழையுங்கள். தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முகமூடி வைத்துச் சுத்தப் பிராணவாயு கொடுப்பார்கள். அப்போது ஐந்து மணி நேரத்தில் இறங்குவது ஒன்றரை மணி நேரத்தில் இறங்கும். காடியில் இருந்தபோது மயங்கினார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோவிட் காலத்தில் பல வீடுகளில் விரலில் மாட்டும் சிறு கருவி வாங்கி வைத்தோம் அல்லவா? அதை மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். பிராணவாயு ஏறிய இரத்தத்தையும் இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் அந்தச் சாதாரணக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது.

சரி, நல்ல இரும்புக் குழாய் ஏன் ஓட்டையாகிறது? முன்பு சொன்ன தண்ணீரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நெடுந்தூரம் ஓடினால் குழாய் முழுதும் சூடேறி நீர் ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து சீனர் கடைக்கு என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடுகிற காடியில் சைலன்சர் சூடேறுவதே இல்லை. புகையிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து தண்ணீர் அதன் வயிற்றில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே காகிதம் போலிருக்கும். ஆசிரியர் காடி நிறைய ஓடாததால் நல்ல காடி என்று நம்பி வாங்குகிறவர்கள் கவனிக்க! கடலோரத்தில் உப்புக்காற்று. தோட்டத்தில் லோரி போட்ட பள்ளங்களில் அடிவயிறு தட்டுவது. வெள்ளத்தில் மாட்டிய காடியில் சைலன்சருக்குள் சேறு தங்குவது. எவ்வித இரும்பானால் என்ன, இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். துருவேறா எஃகுக் குழாய் விலை கூடுதல், ஆனால் நெடுநாள் உழைக்கும்.

பரிசோதிப்பதற்குப் பட்டறைக்காரர்தான் வேண்டும் என்பதில்லை. முதலில் காது. காடியின் குரல் மாறினால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காலையில் கிளப்பியதும் டிக், டிக் என்று கேட்டு, சூடேறியதும் நின்றுவிட்டால், மெனிஃபோல்ட் கேஸ்கட்டில் சந்தேகம் வைக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து சந்தை மூடிக்கொள்கிறது. சத்தம் நின்றதே என்று மகிழ வேண்டாம்.

அடுத்தது கண். காடி இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு டார்ச் விளக்கைக் கொண்டு குனிந்து பாருங்கள். இணைப்புகளில் கரி கோடு போட்டதுபோல் படிந்திருந்தால் அங்கே கசிகிறது. ரப்பர் வளையம் அறுந்து குழாய் தொங்குகிறதா என்றும் பாருங்கள். அந்த வளையம் மலிவான பொருள். அதை மாற்றாமல் விட்டால் குழாய் ஆடி ஆடி இணைப்பில் முறியும். ஒரு குச்சியால் சைலன்சரைத் தட்டிப் பார்த்தால், நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும், அழுகியது பொத்தென்று சொல்லும். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். ஜேக் வைத்துத் தூக்கிய காடிக்கு அடியில் மட்டும் நுழையாதீர்கள், ஜேக் நழுவினால் அவ்வளவுதான்.

மூன்றாவது, ஈரத்துணிச் சோதனை. வெட்டவெளியில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை விடுவித்து, ஒருவர் காடியைக் கிளப்பட்டும். நீங்கள் ஒதுங்கி நின்று, தடித்த ஈரத்துணியால் பைப்பின் வாயை நாலைந்து விநாடி மூடுங்கள். நல்ல குழாயென்றால் வாயு துணியைத் தள்ளும், இயந்திரம் திணறும். ஓட்டை இருந்தால், அடியில் எங்கோ "உஸ்" என்று சீறுவது கேட்கும். அந்தச் சீறல் வரும் இடத்தைப் பட்டறையில் காட்டுங்கள். சூடான குழாயில் இதைச் செய்யாதீர்கள், கை வெந்துவிடும்.

பட்டறையில் சிறு ஓட்டையென்றால் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். சுற்றிலும் தகடு கெட்டியாக இருந்தால் அது சரியான வேலைதான். தகடே காகிதமாகிவிட்ட பிறகு ஒட்டுமேல் ஒட்டுப் போடுவது, கிழிந்த வேட்டிக்குத் தையல் போடுவது மாதிரி, பக்கத்திலே கிழியும். கடைகளில் விற்கும் பசையும் சுற்றுத் துணியும் வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே இன்னொரு முறை துணி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கன்வர்ட்டர் அடைத்துவிட்டது, கழற்றிவிட்டு வெறுங்குழாய் போட்டால் காடி பறக்கும், எண்ணெயும் மிச்சம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அது உண்மையிலேயே அடைத்துக்கொள்வதுண்டு. பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் பச்சையாகப் போய் அதற்குள் எரிந்தால் பீங்கான் அடை உருகிவிடும். அப்போது காடி மேடு ஏறாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நன்றாக வேலை செய்கிற கன்வர்ட்டரையும் கழற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. உள்ளே இருக்கும் ரோடியத்துக்கும் பலேடியத்துக்கும் பழைய சாமான் வியாபாரத்தில் நல்ல விலை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு, கழற்றிய பழைய பொருளை, "அதை இப்படிக் கொடுங்கள் தவுக்கே" என்று கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது முகம் மாறுகிறதா என்று பாருங்கள். கன்வர்ட்டரை எடுத்துவிட்ட காடியில் பின்னால் கசிகிற வாயுவும் முன்னால் கசிகிறதைப் போலவே கொடியதாகிவிடுகிறது.

சைலன்சரின் வயிற்றைக் குடைந்து சத்தம் கூட்டுகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் வாகன இரைச்சலுக்கென்றே 1987-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. போலீசார் பிடித்தால் அபராதம் கட்டுவது அப்பாதான்.

சிங்கப்பூரில் காடிக்கு மூன்று வயதானதும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அங்கே புகையையும் அளந்து பார்க்கிறார்கள். மலேசியாவில் சொந்தக் காடிகளுக்கு அப்படி ஆண்டுதோறும் யாரும் அழைத்துப் பார்ப்பதில்லை. இருபது வயதுக் காடியும் சாலை வரி கட்டினால் ஓடும். ஆகவே இங்கே பார்க்க வேண்டியவர்கள் நாமேதான். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். பள்ளி நீண்ட விடுமுறைக்கு முன் ஒரு முறை, தைப்பூசப் பயணத்திற்கு முன் ஒரு முறை. எண்ணெய் மாற்றக் காடியைத் தூக்குகிற அன்றே, "எக்சோஸையும் ஒரு பார்வை பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் தனியாகச் செலவும் இல்லை. தூக்கியிருக்கும்போது நீங்களும் கூடவே நின்று, முன்குழாயிலிருந்து பின்வாய் வரை விளக்கடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நெடுந்தூரம் ஓடி வந்த காடியை லாலான் புல்லின்மீதோ காய்ந்த செம்பனை மட்டையின்மீதோ நிறுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள். அடியில் கன்வர்ட்டர் அடுப்பு போலக் கனன்றுகொண்டிருக்கும். வறட்சி மாதங்களில் காய்ந்த புல் அதில் உரசினால் தீப்பிடிக்கும். கல் பரப்பிய இடமாகவோ தார்ச்சாலை ஓரமாகவோ பார்த்து நிறுத்துங்கள்.